பிசிபியில் கிராஸ்டாக்: டிரேஸைத் தள்ளும் முன் கிரவுண்டைக் கிட்டே கொண்டுவாருங்கள்

பிசிபியில் (பாகங்களை இணைக்கும் சர்க்யூட் போர்டில்) இரண்டு டிரேஸ்கள், அதாவது காப்பர் கோடுகள், பக்கத்தில் பக்கத்தில் ஓடினால் ஒன்றின் சிக்னல் மற்றதில் கொஞ்சம் கசியும். இதுதான் கிராஸ்டாக். அந்தக் கசிவு கிளாக் லைனில் விழுந்தால் ஒரு எட்ஜ் (சிக்னல் 0-க்கும் 1-க்கும் நடுவே தாவும் கணம்) இரண்டாக எண்ணப்படும். ரீசெட்டில் விழுந்தால் போர்டு காரணம் தெரியாமல் ரீஸ்டார்ட் ஆகும். ஏடிசி (அனலாக் வோல்ட்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) இன்புட்டில் விழுந்தால் ரீடிங் ஆடிக்கொண்டே இருக்கும். இதற்கு எல்லோரும் முதலில் கையில் எடுப்பது இடைவெளியை. இடைவெளி வேண்டியதுதான். ஆனால் எத்தனை மி.மீ. என்று கேட்கும் முன், அந்த டிரேஸுக்கு அடியில் கிரவுண்ட் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். அது தெரியாமல் சொல்லும் எந்த இடைவெளிக் கணக்கும் குத்துமதிப்புதான்.

உயரமும் தூரமும்

டிரேஸில் போகும் மின்னோட்டம் கிரவுண்ட் பிளேன் (ஒரு அடுக்கு முழுதும் பரவிய கிரவுண்ட் காப்பர்) வழியாகத் திரும்பி வருகிறது. வேகமான எட்ஜுகளுக்கு இந்தத் திரும்பும் மின்னோட்டம் டிரேஸின் நேர் அடியில் குவிந்திருக்கும். பக்கவாட்டில் விலக விலகக் குறையும். எவ்வளவு சீக்கிரம் குறைகிறது என்பதை டிரேஸுக்கும் பிளேனுக்கும் நடுவே உள்ள உயரம் முடிவு செய்கிறது. லேஅவுட் போடும்போது மனதில் வைத்துக்கொள்ளத் தோதான கணக்கு இது:

கிராஸ்டாக் ≈ 1 ÷ (1 + (தூரம் ÷ உயரம்)²)

தூரம் என்பது ஒரு டிரேஸின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை. உயரம் என்பது டிரேஸிலிருந்து மிக அருகில் உள்ள பிளேன் வரை. இந்தக் கணக்கு உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டியே சொல்லும். ஆகவே இதை நம்பி வேலை செய்தால் ஆபத்தில்லை.

உயரம் 0.2 மி.மீ. என்று வையுங்கள். தூரம் 0.4 மி.மீ. என்றால் கசிவு 20 சதவீதம். 0.8 என்றால் 5.9 சதவீதம், 1.2 என்றால் 2.7, 1.4 என்றால் 2. இப்போது தூரத்தை 0.4-இலேயே விட்டுவிட்டு உயரத்தை 0.1 ஆக்குங்கள்: அதே 5.9 சதவீதம். உயரத்தைப் பாதியாக்கினாலும் தூரத்தை இரட்டிப்பாக்கினாலும் பலன் ஒன்றே. வித்தியாசம் என்னவென்றால், உயரம் ஸ்டாக்-அப்பில் (போர்டின் அடுக்கு அமைப்பில்) ஒருமுறை எடுக்கும் முடிவு. போர்டு முழுவதற்கும் பலன் கிடைத்துவிடும். தூரத்தைக் கூட்டுவதற்கோ ஒவ்வொரு டிரேஸுக்கும் தனித்தனியாக இடம் தேட வேண்டும்.

நடைமுறையில் ஓடிக்கொண்டிருக்கும் ‘மூன்று மடங்கு அகலம்’ விதியை இந்தக் கண்ணோடு பாருங்கள். டிரேஸ்களின் மையத் தூரம் அகலத்தைப் போல் மூன்று மடங்கு இருந்தால் போதும் என்கிறது அது. எஃப்ஆர்4 (வழக்கமான கண்ணாடி இழைப் பொருள்) போர்டில் 50 ஓம் இம்பீடன்ஸ் உள்ள மைக்ரோஸ்ட்ரிப் (அடியில் பிளேன் உள்ள வெளி அடுக்கு) டிரேஸின் அகலம் உயரத்தைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்போது மூன்று மடங்கு அகலம் என்பது ஆறு மடங்கு உயரம், கசிவு 2.7 சதவீதத்துக்குள் நின்றுவிடும். நல்ல விதிதான். இதையே 1.6 மி.மீ. தடிமனுள்ள இரண்டு அடுக்கு போர்டில் 0.2 மி.மீ. டிரேஸுக்குப் போட்டுப் பாருங்கள். தூரம் 0.6, உயரம் 1.5, சூத்திரம் 86 சதவீதம் என்கிறது. அவ்வளவு கசிவு நிஜத்தில் வராது, இந்த எல்லையில் சூத்திரம் பிடி விட்டுப் போகிறது. ஆனாலும் அது சொல்ல வருவது சரி: அந்தப் பிளேன் அந்த இரண்டு டிரேஸையும் பிரிக்க ஒன்றுமே செய்யவில்லை. ஆகவே விதியை அகலத்தில் சொல்லாமல் உயரத்தில் சொல்வதே பாதுகாப்பு.

ஃபேப் ஹவுஸிடம் (போர்டு செய்து தருபவரிடம்) என்ன கேட்பது

நான்கு அடுக்கு, 1.6 மி.மீ. போர்டில் வெளி அடுக்குக்கும் அதற்கு அடுத்த உள் அடுக்குக்கும் நடுவே 7628 வகை பிரிப்ரெக் (அடுக்குகளை ஒட்டும் இழைத் தாள்) ஒன்று வந்தால் உயரம் சுமார் 0.2 மி.மீ. அதற்குப் பதில் 2116 வகை என்றால் சுமார் 0.12 மி.மீ. ஸ்டாக்-அப் பட்டியலில் மெல்லிய பிரிப்ரெக் இருக்கிறதா என்று லேஅவுட் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். பிறகு மாற்றினால் 50 ஓமுக்கான அகலமும் மாறும், 0.2 உயரத்தில் 0.36 மி.மீ. அளவில் இருந்த டிரேஸ் 0.1 உயரத்தில் 0.18 அளவுக்கு இறங்கும். ரூட்டிங் (டிரேஸ்களை ஓட்டும் வேலை) முடிந்தபின் அதைச் செய்ய யாருக்கும் பொறுமை இருக்காது.

அடுக்கு வரிசை: சிக்னல், கிரவுண்ட், பவர் அல்லது இன்னொரு கிரவுண்ட், சிக்னல். மூன்றாவதையும் கிரவுண்டாக வைத்து, பவரை அகலமான காப்பர் பட்டைகளாகச் சிக்னல் அடுக்குகளிலேயே ஓட்ட முடிந்தால் அதுவே மேல். நான்காவது அடுக்குக்கும் உடையாத கிரவுண்ட் கிடைக்கும்.

கிளாக் வேகம் அல்ல, எட்ஜ் வேகம்

1 மெகாஹெர்ட்ஸ் சிக்னல்தானே என்று விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. கசிவைத் தீர்மானிப்பது ரைஸ் டைம், அதாவது சிக்னல் 0-இலிருந்து 1-க்கு ஏற எடுக்கும் நேரம். இன்றைய மைக்ரோகன்ட்ரோலரின் பின் ஒன்று, எல்ஈடியை ஏற்றி அணைக்கப் பயன்பட்டாலும், 1 முதல் 2 நானோசெகண்டில் 3.3 வோல்ட் தாவக்கூடும்.

கசிவு இரண்டு திசையில் போகும். தொல்லை தரும் சிக்னலுக்கு எதிர்த் திசையில், அதன் டிரைவர் (சிக்னலை அனுப்பும் பின்) இருக்கும் பக்கமாகத் திரும்பி வருவது அருகு முனை இரைச்சல். சிக்னலோடு சேர்ந்தே முன்னே போவது தூர முனை இரைச்சல். மேலே சொன்ன சதவீதமெல்லாம் அருகு முனைக்கானது, அதுவும் முழு அளவை எட்டிய நிலைக்கு. இணையாக ஓடும் நீளம் ஓர் எல்லையைத் தாண்டும் வரை அது நீளத்தோடு வளரும், தாண்டியபின் வளராது. எஃப்ஆர்4 வெளி அடுக்கில் சிக்னல் ஒரு மி.மீ. போக சுமார் 6 பிகோசெகண்ட் ஆகிறது. 1 நானோசெகண்ட் எட்ஜுக்கு அந்த எல்லை 1000 ÷ (2 × 6), அதாவது 83 மி.மீ. 0.3 நானோசெகண்டுக்கு 25 மி.மீ.

இதனால் ஒரு லாபம் உண்டு. 1 நானோசெகண்ட் எட்ஜுள்ள டிரேஸ்கள் 20 மி.மீ. மட்டும் சேர்ந்து ஓடினால் கசிவு முழு அளவில் கால் பங்குதான், 5.9 சதவீதம் 1.4 ஆகிவிடும். எல்லைக்குக் கீழே இருக்கும்போது நீளத்தைக் குறைப்பது பலன் தரும். 150 மி.மீ. ஓடுவதை 120 ஆக்குவதால் அருகு முனை இரைச்சலில் ஒரு மாற்றமும் வராது.

தூர முனை இரைச்சலுக்கு இந்த உச்சவரம்பு அவ்வளவு சீக்கிரம் வராது. வெளி அடுக்கில் நீளம் கூடக் கூட அது ஏறும், எட்ஜ் வேகமாக வேகமாகவும் ஏறும். இரண்டு பிளேன்களுக்கு நடுவே உள் அடுக்கில் ஓடினால், மேலும் கீழும் ஒரே பொருள் என்பதால் மின்புலக் கசிவும் காந்தப்புலக் கசிவும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு அது ஏறக்குறைய இல்லாமலே போகும். நீண்ட தூரம் சேர்ந்து ஓடியே தீர வேண்டிய வேகமான பஸ்ஸை ஆறு அடுக்கு போர்டில் உள்ளே இறக்குவதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

எவ்வளவு கசிவு தாங்கும்

எல்விடிடிஎல் என்ற 3.3 வோல்ட் லாஜிக் தரத்தின் அளவுகளில் டிரைவர் ‘0’ என்று தருவது அதிகபட்சம் 0.4 வோல்ட், ரிசீவர் ‘0’ என்று ஏற்பது 0.8 வரை. ‘1’ பக்கம் 2.4-க்கும் 2.0-க்கும் அதே 0.4 வோல்ட் இடைவெளி. இந்த 0.4 வோல்ட்டைப் பிரதிபலிப்பு, கிரவுண்ட் பவுன்ஸ் (பல பின்கள் சேர்ந்து மாறும்போது ஐசியின் கிரவுண்டே குதிப்பது), கிராஸ்டாக் எல்லாம் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். மூன்றில் ஒரு பங்கை, அதாவது 0.13 வோல்ட்டைக் கிராஸ்டாக்குக்கு விடலாம். அது 3.3-இல் 4 சதவீதம். இரண்டு பக்கமும் அண்டை டிரேஸ் இருந்தால் ஒன்றுக்கு 2 சதவீதம். சூத்திரப்படி தூரம் ஏழு மடங்கு உயரம். உயரம் 0.2 என்றால் 1.4 மி.மீ., 0.1 என்றால் 0.7 மி.மீ.

எல்லா டிரேஸுக்கும் இவ்வளவு இடம் விட்டால் போர்டு இரட்டிப்பாகும். விடவும் தேவையில்லை. ஒரே கிளாக்கில் ஓடும் டேட்டா பஸ்ஸின் பிட்டுகள் தங்களுக்குள் கசிந்துகொண்டால் கசிவு எட்ஜ் வரும் நேரத்தில்தான் வரும். ரிசீவர் சாம்பிள் எடுப்பதற்குள் அது அடங்கிவிடும். அவற்றை மூன்று மடங்கு உயரத்திலேயே நெருக்கி வைக்கலாம், நேரக் கணக்கில் கொஞ்சம் இடம் இருந்தால் போதும். இடத்தைச் செலவழிக்க வேண்டியது எட்ஜையே நம்பி வேலை செய்யும் லைன்களுக்கு: கிளாக், ஸ்ட்ரோப், ரீசெட், இன்டரப்ட், சிப் செலக்ட். அடுத்து அனலாக் இன்புட், கிரிஸ்டல் பின்கள், புல்-அப் (லைனை ‘1’-க்கு இழுக்கும் ரெசிஸ்டர்) மட்டுமே பிடித்து வைத்திருக்கும் லைன்கள்.

அந்தக் கடைசி வகையைக் கிட்டே போய்ப் பாருங்கள். 10 கிலோ ஓம் புல்-அப் உள்ள ரீசெட் லைன். அதன் மொத்தக் கெப்பாசிட்டன்ஸ் 10 பிகோஃபாரட். பக்கத்தில் ஓடும் எஸ்பிஐ கிளாக்கோடு 1 பிகோஃபாரட் கப்ளிங். 1 நானோசெகண்ட் எட்ஜ் வரும்போது 10 கிலோ ஓம் எதையும் பிடித்து நிறுத்தாது. அதன் காலக்கணக்கு (எதிர்ப்பு × கெப்பாசிட்டன்ஸ்) 100 நானோசெகண்ட். ஆகவே 3.3 வோல்ட் 1-க்கும் 10-க்கும் பிரிந்து ரீசெட்டில் 0.3 வோல்ட் குதிக்கும். ஐசியின் ரீசெட் பின்னை ஒட்டி 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று வைத்தால் அதே குதிப்பு 33 மைக்ரோவோல்ட். கெப்பாசிட்டர் புஷ் பட்டன் பக்கத்தில் இருந்தால் இந்தப் பலன் கிடைக்காது, பின்னுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஐ2சி (ஐசிகளை இரண்டு லைனில் இணைக்கும் பஸ்) லைனில் இந்த வைத்தியம் செய்யாதீர்கள். பஸ்ஸின் மொத்த வரம்பே 400 பிகோஃபாரட். அங்கே புல்-அப்பை 4.7 கிலோவிலிருந்து 2.2 கிலோவாக இறக்கலாம். 3.3 வோல்ட்டில் 1.5 மில்லிஆம்ப், ஐசிகள் இழுக்க வேண்டிய 3 மில்லிஆம்ப் வரம்புக்குள் இருக்கிறது. பஸ் 10 செ.மீ.க்கு மேல் போனால் எஸ்டிஏ (டேட்டா), எஸ்சிஎல் (கிளாக்) இரண்டுக்கும் நடுவே கிரவுண்ட் அல்லது சப்ளை லைனை ஓட்டச் சொல்கிறது ஐ2சி விவரக்குறிப்பு. ரிப்பன் கேபிளில் இதை மறப்பவர்கள் அதிகம்.

ரூட்டிங்

வரிசை முக்கியம். முதலில் கிளாக், ரீசெட், அனலாக் லைன்களை ஓட்டி இடம் பிடித்துவிடுங்கள். பஸ்ஸும் மெதுவான லைன்களும் மீதியில். கீகேட் லேஅவுட் மென்பொருளில் இவற்றுக்குத் தனி நெட் கிளாஸ் (ஒரே விதி பொருந்தும் லைன் குழு) வைத்து கிளியரன்ஸைக் கூட்டலாம். ஒரு சிக்கல்: கிளியரன்ஸ் என்பது விளிம்பிலிருந்து விளிம்பு; மேலே சொன்ன தூரம் மையத்திலிருந்து மையம். அகலத்தைக் கழித்துப் போடுங்கள். இன்னொரு சிக்கல்: அந்த கிளியரன்ஸ் பேடுகளுக்கும் காப்பர் போருக்கும் (காலி இடத்தை நிரப்பும் காப்பர்) சேர்த்தே பொருந்தும். 0.5 மி.மீ. பிட்ச் ஐசியின் காலிலிருந்து வெளியே வரும்போதே டிஆர்சி (விதிச் சோதனை) கத்தத் தொடங்கும். ஐசியைச் சுற்றி ஒரு பகுதியை வரைந்து, அதற்குள் மட்டும் சாதாரண கிளியரன்ஸ் போதும் என்று தனி விதி எழுதுங்கள். அங்கே சில மி.மீ. நெருங்கி வருவதால் கெடுதல் பெரிதாக இல்லை. ஆல்டியம் மென்பொருளில் ‘பேரலல் செக்மென்ட்’ என்ற விதியே உண்டு; இத்தனை நீளத்துக்கு மேல் இணையாக ஓடினால்தான் இந்த இடைவெளி வேண்டும் என்று சொல்லலாம்.

நடுவில் பிளேன் இல்லாமல் அடுத்தடுத்து இரண்டு சிக்னல் அடுக்குகள் இருந்தால், ஒன்றில் கிடையாக, மற்றதில் நெடுக்காக ஓட்டுங்கள். ஒன்றின் மேல் ஒன்று படுத்தபடி ஓடும் இரண்டு டிரேஸ்கள் பக்கவாட்டில் ஓடுவதைவிட மோசம், லேஅவுட் திரையில் அது கண்ணிலும் படாது.

பிளேனில் வெட்டு. கிராஸ்டாக் புகார்களில் பாதி இங்கேதான் முடியும் என்று சொல்லத் தோன்றுகிறது. பிளேனில் ஒரு நீண்ட பிளவு இருந்து, அதை நான்கைந்து டிரேஸ்கள் தாண்டினால், அத்தனை டிரேஸ்களின் திரும்பும் மின்னோட்டமும் பிளவின் முனையைச் சுற்றி ஒரே வழியில் போக வேண்டியிருக்கிறது. டிரேஸ்களை எவ்வளவு தள்ளி வைத்திருந்தாலும் அவை அங்கே ஒரே லூப்பைப் பகிர்கின்றன. தூரக் கணக்கெல்லாம் வீண். பிளவை யாரும் வேண்டுமென்றே போடுவதில்லை. 1.27 மி.மீ. பிட்ச் கனெக்டரை எடுத்துக்கொள்ளுங்கள். உள் அடுக்கில் 1.0 மி.மீ. பேடும் சுற்றிலும் 0.25 மி.மீ. கிளியரன்ஸும் இருந்தால் ஒவ்வொரு ஓட்டைக்கும் 1.5 மி.மீ. வட்டம் வெட்டுப்படும், பக்கத்து வட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வரிசை முழுவதும் ஒரே பிளவாகிவிடும். உள் அடுக்கில் பயன்படாத பேடுகளை நீக்கிவிட்டால், 0.65 மி.மீ. ஓட்டைக்கு வட்டம் 1.15 ஆகும், நடுவே 0.12 மி.மீ. காப்பர் மிஞ்சும். பிளேனின் குறைந்தபட்ச அகலம் அதற்கு மேல் வைத்திருந்தால் மென்பொருள் அந்தக் காப்பரையும் தின்றுவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கெர்பர் கோப்பில் (ஃபேப் ஹவுஸுக்கு அனுப்பும் கோப்பு) பிளேன் அடுக்கைத் தனியாகத் திறந்து கண்ணால் பார்ப்பது நல்ல பழக்கம். அனலாகுக்கும் டிஜிட்டலுக்கும் கிரவுண்டைப் பிளப்பதும் இதே வம்பைத்தான் கொண்டுவரும். பாகங்களைப் பிரித்து வையுங்கள், பிளேனைப் பிளக்க வேண்டாம்.

சிக்னல் ஒரு அடுக்கிலிருந்து இன்னொன்றுக்கு வயாவில் (அடுக்குகளை இணைக்கும் ஓட்டையில்) இறங்கும்போது திரும்பும் மின்னோட்டமும் பிளேன் மாற வேண்டும். இரண்டும் கிரவுண்ட் என்றால் சிக்னல் வயாவுக்கு 1 முதல் 2 மி.மீ.க்குள் ஒரு கிரவுண்ட் வயா போடுங்கள். ஒன்று கிரவுண்ட், ஒன்று பவர் என்றால் அதே இடத்தில் 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர். கனெக்டரிலும் இதே கதைதான்: கிளாக் பின்னுக்குப் பக்கத்தில் ஒரு கிரவுண்ட் பின் கட்டாயம், மற்றவற்றுக்கு மூன்று நான்கு சிக்னலுக்கு ஒன்றாவது. எல்லாக் கிரவுண்டையும் ஒரு ஓரத்தில் ஒதுக்கிவிட்டால் கேபிளே பெரிய லூப் ஆகிவிடும்.

நீளம் சமன் செய்யப் போடும் பாம்பு வளைவுகளும் தமக்குத்தாமே கசியும்; சிக்னலில் ஒரு பகுதி வளைவுகளைக் குறுக்காகத் தாண்டி முன்னாடியே வந்துவிடும். வளைவின் பக்கத்துப் பக்கத்துக் கைகளுக்கு நடுவே இடைவெளி நான்கு மடங்கு உயரமாவது இருக்கட்டும். டிஃபரென்ஷியல் ஜோடிகளுக்கும் (ஒரே சிக்னலை எதிரெதிராகச் சுமக்கும் இரட்டை டிரேஸ்கள்) அடுத்த ஜோடியிலிருந்து ஐந்து மடங்கு உயரம் விடுங்கள்; ஜோடி என்பதால் கசிவு இரண்டிலும் சமமாக விழும் என்று நம்ப முடியாது, அருகில் இருக்கும் கால்தான் அதிகம் வாங்கும்.

கார்டு டிரேஸ் போடலாமா

நடுவே ஒரு கிரவுண்ட் டிரேஸை (இதுவே கார்டு டிரேஸ்) நுழைக்க வேண்டுமென்றால் இரண்டு டிரேஸையும் முதலில் அகலப் பிரிக்க வேண்டும். அடியில் பிளேன் கிட்டே இருந்தால் கசிவு குறைந்தது அந்தப் பிரிவினால்தான். கார்டு டிரேஸ் பெயர் வாங்கிக்கொள்ளும். இரண்டு முனையில் மட்டும் கிரவுண்ட் செய்து நடுவில் அப்படியே விட்டால் அது சில அதிர்வெண்களில் ஒத்ததிர்ந்து, ஒரு பக்கம் வாங்கியதை மறுபக்கம் கடத்தவும் செய்யும். போடுவதென்றால் வழியெங்கும் வயா தையுங்கள். 1 நானோசெகண்ட் எட்ஜுக்கு 15 முதல் 30 மி.மீ.க்கு ஒன்று, 0.3 நானோசெகண்டுக்கு 5 முதல் 10 மி.மீ.க்கு ஒன்று.

இரண்டு அடுக்கு, 1.6 மி.மீ. போர்டில் கதை வேறு. அங்கே பிளேன் தொலைவில் இருப்பதால் திரும்பும் மின்னோட்டத்துக்குப் பக்கத்தில் ஓடும் கிரவுண்ட் டிரேஸ்தான் நெருங்கிய வழி. கிளாக்கின் இரு பக்கமும் 0.2 மி.மீ. இடைவெளியில் கிரவுண்டை ஓட்டி, கீழ்ப் பக்கக் கிரவுண்டோடு 10 மி.மீ.க்கு ஒரு வயா தைத்தால் நிஜமான பலன் உண்டு. போர்டை 0.8 மி.மீ. தடிமனில் செய்ய முடிந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எட்ஜை மெதுவாக்குதல், டெர்மினேஷன்

தேவைக்கு மேல் வேகமாக இருக்கும் எட்ஜை வேரிலேயே தணிப்பது இடம் கேட்காத வைத்தியம். எஸ்டிஎம்32 போன்ற சிப்களில் பின்னின் வேகத்தை ரெஜிஸ்டரிலேயே குறைக்கலாம். எஃப்பிஜிஏவில் (லாஜிக்கை நாமே அமைக்கும் சிப்) ஸ்லூ ரேட்டை (எட்ஜ் ஏறும் வேகத்தை) மெதுவுக்கு மாற்றலாம். எங்கும் அதிவேகத்திலேயே விட்டுவைப்பது தேவையில்லாத தொல்லை. அதோடு டெர்மினேஷனாக (பிரதிபலிப்பை அடக்க) டிரைவருக்கு 10 மி.மீ.க்குள் ஒரு சீரிஸ் ரெசிஸ்டர்: 50 ஓம் டிரேஸ், டிரைவரின் உள் எதிர்ப்பு 20 ஓம் என்றால் மீதி 30; ஆகவே 33 ஓம்.

தொல்லை வாங்கும் லைனின் டிரைவரிலும் இந்த ரெசிஸ்டர் வேண்டும், பலர் இதைக் கவனிப்பதில்லை. அருகு முனை இரைச்சல் டிரைவர் பக்கம்தானே போகிறது, ரிசீவருக்கு என்ன என்று தோன்றும். ஆனால் டிரைவரின் குறைந்த எதிர்ப்பில் மோதிய அந்த இரைச்சல் தலைகீழாகத் திரும்பி, நேரே ரிசீவருக்குப் போகிறது. 33 ஓம் இருந்தால் அங்கேயே அடங்கும்.

வந்துவிட்ட போர்டில் கண்டுபிடிப்பது

சந்தேகப்படும் லைனை ஃபர்ம்வேரில் ‘0’-இல் நிறுத்தி, அண்டை லைனை மட்டும் ஏற்றி இறக்குங்கள். ஆசிலோஸ்கோப்பை அண்டை லைனின் எட்ஜில் டிரிகர் செய்து, ரிசீவர் பின்னில் அளவெடுங்கள். ப்ரோபின் நீளமான கிரவுண்ட் ஒயரைக் கழற்றிவிட்டு, முனையில் மாட்டும் ஸ்பிரிங்கைப் போடுங்கள், 15 செ.மீ. ஒயரோடு அளந்தால் பார்ப்பது போர்டின் இரைச்சலா, ஒயர் பிடித்த இரைச்சலா என்று தெரியாது. பிறகு லைனை ‘1’-இல் நிறுத்தியும் பாருங்கள்.

முள் (குறுகிய இரைச்சல் துடிப்பு) தெரிந்தால் அண்டைப் பின்னின் வேகத்தை ஒரு படி குறையுங்கள். முள் சுருங்கினால் எட்ஜோடு தொடர்புள்ளது என்று உறுதி. ஆனால் கிரவுண்ட் பவுன்ஸும் இப்படியே நடந்துகொள்ளும். பிரித்தறிய, அதே ஐசியில் அண்டையில் எதுவும் ஓடாத வேறொரு பின்னை ‘0’-இல் நிறுத்தி அளவெடுங்கள். அங்கும் அதே முள் இருந்தால் குற்றவாளி ஐசியின் கிரவுண்ட். டிரேஸை எவ்வளவு தள்ளினாலும் தீராது, டீகப்ளிங்கையும் (ஐசியின் சப்ளை பின்னை ஒட்டிய கெப்பாசிட்டர்கள்) ஒரே நேரத்தில் மாறும் பின்களின் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும்.

கிராஸ்டாக் என்று தெரிந்தபின், போர்டை மறுபடி அச்சிடாமல் செய்யக்கூடியவை சில. முதலில் பின் வேகம். அடுத்து, லைனில் 0 ஓம் ரெசிஸ்டர் போட்டிருந்தால் அதை 33 அல்லது 47 ஓமாக மாற்றுவது. இதற்காகவே சந்தேகமுள்ள லைன்களில் முதல் பதிப்பிலேயே 0 ஓமுக்கு இடம் விட்டு வைப்பது நல்லது. ரீசெட், இன்டரப்ட் போன்ற மெதுவான லைன் என்றால் பின்னடியில் கெப்பாசிட்டர், இன்டரப்டுக்கு 100 பிகோஃபாரடிலிருந்து தொடங்கலாம். எதற்கும் அடங்காவிட்டால் தொல்லை வாங்கும் டிரேஸை இரு முனையிலும் கத்தியால் வெட்டி, 30 கேஜ் ஒயரைக் கிரவுண்ட் ஒயர் ஒன்றோடு முறுக்கி மேலே ஓட்டுங்கள். கிரவுண்ட் ஒயரை இரண்டு முனையிலும் சால்டர் செய்ய வேண்டும். வெட்டிய டிரேஸின் நடுத்துண்டு மிதந்தபடி நிற்கும். அதன் ஒரு முனையையாவது கிரவுண்டில் சேர்த்துவிடுங்கள்.